மாமன் மடி

எனக்கு ஒற்றைத் தலைவலி என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. காரணம் என் தொழில். பேரையூரில் மைக் செட் கடை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், கோயில் பொங்கல், கட்சிக் கூட்டம் எதுவானாலும் மரத்துக்கு மரம் குழாய் கட்டுவது இந்த அழகுபாண்டிதான். "ஊருக்கே தலைவலி குடுக்குறவனுக்குத் தலைவலியா?" என்று கேட்காத ஆள் எங்கள் டீக்கடையில் இல்லை. கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். இடது கண்ணுக்குப் பின்னால் சம்மட்டி அடி வாங்குகிறவன் நான்தானே. அது வந்துவிட்டால் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது. என் மனைவி முத்துமீனா கையில் கிடக்கும் கண்ணாடி வளையல் குலுங்கினால்கூட எழுந்து சண்டைக்குப் போகத் தோன்றும். எழுந்திருக்கத்தான் முடியாது.

இந்தப் பாழாய்ப்போன வலி என்னிடமிருந்து எத்தனையோ பறித்திருக்கிறது. மற்றதையெல்லாம் விட்டுவிடலாம், ஒன்றை மட்டும் விட மாட்டேன். என் அக்கா சுபலட்சுமியை எழுமலையில் கொடுத்திருக்கிறது. அவளுடைய மூத்த பையனுக்குக் காது குத்தியபோது, தாய்மாமனாகிய நான் மண்டபத்தின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கட்டிப்பிடித்துக் கிடந்தேன். நல்ல நேரம் போகிறதே என்று, பெரியப்பா மகன் சங்கிலி அண்ணன் மடியில் பிள்ளையை வைத்துக் குத்தி முடித்துவிட்டார்கள். பையன் அழுத சத்தம் பின்னறை வரைக்கும் கேட்டது. அக்கா அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பேன்.

எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்பது கல்யாணத்துக்குச் சமம். ஊர் முழுக்கப் பேனர் வைத்து, மேளதாளத்தோடு சீர்த் தட்டு சுமந்து வந்து, மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். ஆயிரம் உறவு இருந்தாலும் அந்த மடி மாமனுடையது. அதை விட்டுக்கொடுத்தவன் பிறகு எந்த விசேஷத்தில் போய் நின்றாலும் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கு இருந்தது.

ஆகவே, இந்த வைகாசியில் அக்கா மகள் பவதாரிணிக்குக் காது குத்துவது என்று முடிவானதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கு இதற்கு மேல் பிள்ளை கிடையாது, ஆபரேஷன் முடிந்தாயிற்று. மாமன் மடி கொடுக்க எனக்கு மிச்சமிருக்கும் வாய்ப்பு இது ஒன்றுதான். கொட்டுமேளத்துக்கு உசிலம்பட்டியில் சொல்லிவைத்தேன். பட்டுப்பாவாடைக்கு மதுரையில் நாலு கடை ஏறி இறங்கினேன். பேனரில் பிள்ளையின் படம் பெரிதாக இருக்க வேண்டும், என் படம் அதைவிடக் கொஞ்சம்தான் சின்னதாக இருக்க வேண்டும் என்று பேனர் கடைக்காரரிடம் தகராறு செய்தேன். முத்துமீனா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எல்லாஞ் சரிங்க. தலைக்கு என்ன ஏற்பாடு?"

தலைக்கும் ஏற்பாடு செய்தேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. விடியற்காலையில் நடை, டீயை அடியோடு நிறுத்தல், நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், மூச்சுப் பயிற்சி, வெயிலுக்குத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. தெருவே என்னைப் பார்த்து வியந்தது. பத்து நாள் ஜோராக ஓடியது. அப்புறம் சித்திரைப் பொங்கல் வரிசையாக வந்தது. ஊருக்கு ஊர் கோயில் வேலை. கத்திரி வெயிலில் மரம் ஏறி இறங்கி, உடம்பு கழன்று போனது. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டை மறந்தேன், சாயங்காலம் சம்மட்டி இறங்கிவிட்டது.

அந்த வலிகூட ஒரு நாளில் போய்விடும். அதற்குப் பின்னால் வருகிற சோர்வு இருக்கிறதே, அதுதான் என்னை எப்போதும் கவிழ்க்கும். கையைத் தூக்கிச் சட்டை மாட்டுவதே பெரிய வேலையாக இருக்கும். யார் பேசினாலும் எங்கேயோ தூரத்தில் பேசுவது மாதிரி கேட்கும். அந்த நிலையில் நடையாவது மூச்சுப் பயிற்சியாவது! ஒரு நாள் விட்டேன், மறுநாளும் விட்டேன். விட்டதுதான் விட்டாயிற்றே என்று மூன்றாம் நாள் டீக்கடைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எல்லாம் முழுசாக வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே வேண்டாம். பிறந்ததிலிருந்தே இந்தக் குணம்தான்.

முத்துமீனா என்னைப் பேருந்தில் ஏற்றித் திருமங்கலத்தில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். நான் என் பெருந்திட்டத்தை ஒப்பித்து, அது கவிழ்ந்த கதையையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்குற நாளுக்குத்தான் இம்புட்டுத் திட்டமும் போட்டிருக்கீங்க. எந்திரிக்க முடியாத நாளுக்கு என்ன வச்சிருக்கீங்க?"

"அன்னைக்கு என்னங்க இருக்கு, படுக்கைதான்."

"சரி, படுத்துக்கிட்டே என்ன செய்ய முடியும்?"

இது என்ன கேள்வி என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் யோசித்தேன். "பக்கத்துல இருந்தா தண்ணி குடிக்கலாம்."

"அப்புறம்?"

"கைக்கு எட்டுனா ரெண்டு வாய் திங்கலாம். ராத்திரி படுக்குற நேரத்துக்குப் படுக்கலாம், ஏற்கெனவே படுத்துத்தானே கெடக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். "அம்புட்டுதான். முடியாத நாள்ல இது மட்டும் போதும். இதுவும் தப்பிப்போச்சுன்னா அடுத்த வேளையில இருந்து பிடிங்க. தலைவலி லேசா எட்டிப் பாக்கும்போதே மாத்திரையப் போடுங்க, ஆனா வெறும் வயித்துல போடாதீங்க. உங்களுக்கு வாந்தியில போயிரும்."

வெளியே வந்ததும் எனக்கு ஒரே குஷி. ஒன்றும் செய்யாமலே வைத்தியம் செய்கிற வித்தையை யாரோ கையில் கொடுத்த மாதிரி இருந்தது. அன்றைக்கே கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி வந்தது. அதன் மேல் தண்ணீர்ச் செம்பு, பொரிகடலை டப்பா, வாழைப்பழம், நனைத்துப் போட ஒரு துண்டு, மாத்திரை. முத்துமீனா அதோடு விடவில்லை. என் தொழிலையே எனக்கு எதிராகத் திருப்பினாள். கடை மைக்கில் பேசிப் பதிவு செய்து என் போனில் அலாரமாக வைத்துவிட்டாள். வேளாவேளைக்கு அது அலறும்: "பேரையூர் அழகுபாண்டி அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாகச் சாப்பிட வரும்படி விழாக் கமிட்டியார் சார்பில் கேட்டுக்கொள்ளப்படுகிறது!"

முதல் தடவை அது அலறியபோது நான் ஒரு புளியமரத்தின் மேல் இருந்தேன். கீழே நின்றிருந்த கோயில் பெரியவர்கள் பயந்துபோனார்கள். என் தொழில் கூட்டாளி ஜூடு கீழே உட்கார்ந்து சிரியோ சிரி என்று சிரித்தான். "எறங்கு மாப்ள, கமிட்டியப் பகைச்சுக்காத" என்றான். இறங்கித்தான் ஆகவேண்டியிருந்தது.

அதற்குப் பிறகும் சோர்வு வந்தது. சில நாள் கடையைத் திறக்கக்கூட முடியவில்லை. சன்னலைச் சாத்திப் படுத்திருப்பேன். நடை இல்லை, பயிற்சி இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் கை மட்டும் முக்காலிக்குப் போகும். நாலு மிடறு தண்ணீர், ஒரு பழம், கண்ணை மூடல். இதில் என்ன சாதனை இருக்கிறது என்று முதலில் எனக்கே வெட்கமாக இருந்தது. ஒருநாள் அதையும் செய்யாமல், யாரோடும் பேசாமல், சுவரைப் பார்த்துக் கிடந்தேன். மறுநாள் காலை அலாரம் அலறியதும் முத்துமீனா என் முகத்தையே பார்த்தாள். பழைய அழகுபாண்டியாக இருந்தால், போச்சு எல்லாம் போச்சு என்று டீக்கடைக்குக் கிளம்பியிருப்பான். நான் எழுந்து உட்கார்ந்து இட்லியைக் கேட்டேன். அவள் தட்டைக் கொண்டுவந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! தட்டு கைக்கு வருவதற்குள் இரண்டு இட்லி கீழே விழுந்துவிட்டன.

சோர்வு விலகிய நாளில் நடை தானாகத் திரும்பி வந்தது. விசேஷம் நெருங்க நெருங்கத் தலை தெளிவாக இருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, காலைல நேரத்துக்குச் சாப்பிட்டு வந்துருடா."

"சரிக்கா, சரிக்கா" என்றேன். அவள் பேச்சுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஏனென்றால் எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. காது குத்தி முடிகிற வரைக்கும் மாமன் வாயில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது. பிள்ளைக்கு வலிக்கப்போகிறது, அந்த வலியில் மாமனும் கொஞ்சம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. மூத்தவனுக்கும் அப்படித்தான் இருந்தேன். இந்தத் தடவை நேரமோ காலையிலேயே குறித்திருந்தார்கள். குத்தி முடித்ததும் ஒரு பிடி பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். விடிந்ததும் போனில் கமிட்டி அலறியது, அதன் வாயை அடைத்தேன். முத்துமீனா தட்டோடு பின்னாலேயே வந்தாள்.

"ஒரே ஒரு காலைதான்டி" என்றேன்.

"தலைக்குத் தெரியுமா அது ஒரே ஒரு காலைன்னு?" என்று அவள் தட்டை நங்கென்று வைத்தாள். நான் வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எழுமலை பஸ் ஸ்டாண்டிலிருந்து சீர் புறப்பட்டது. அடடா, அந்தக் காட்சி! முன்னால் கொட்டுமேளம், பின்னால் சீர்த் தட்டு தூக்கிய பெண்கள், மாலை போட்ட ஆட்டுக்கிடா, நடுவில் நான். வழியெல்லாம் பவதாரிணியும் நானும் பேனரில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தோம். வேட்டுப் போட்டால் காதில் பஞ்சு, வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி. "மாமன் என்ன சினிமாக்காரரா?" என்று கடைவாசலில் ஒருவர் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். மண்டப வாசலில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நின்ற பவதாரிணி என்னைப் பார்த்ததும் "மாமா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி அதற்கும் உதவியது.

எல்லாம் தயார். காது குத்துகிற ஆசாரி மட்டும் வரவில்லை. வழியில் வண்டி பஞ்சராகி நிற்கிறார் என்று போன் வந்தது. குறித்த நேரம் போய்விட்டது, பரவாயில்லை, அடுத்து ஒரு நல்ல நேரம் இருக்கிறது என்று மச்சான் சொன்னார். மேளக்காரர்கள் சும்மா இருக்கக்கூடாதே என்று இன்னும் பலமாக அடித்தார்கள். மண்டபத்துக்குள் மல்லிகையும் சாம்பிராணியும் வியர்வையும் கலந்து அடித்தன. அப்போது எனக்கு ஒரு கொட்டாவி வந்தது.

யாருக்கும் கொட்டாவி வரும். எனக்கு இரண்டாவது வந்தது, பிடரி இறுகியது, சந்தன வாசனை குமட்டியது. இந்த வரிசை எனக்கு அத்துப்படி. அடுத்து இடது கண்தான்.

மூத்தவன் காதுகுத்தில் நடந்தது அப்படியே கண்முன் வந்தது. அன்றைக்கும் இதே பட்டினி, இதே வறண்ட வாய், இதே கொட்டாவி. வெயிலால் வந்தது, வேட்டால் வந்தது என்று இத்தனை நாளும் எதையெதையோ பழித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்காகப் பட்டினி கிடந்தேனே, அந்தப் பட்டினிதான் பிள்ளையை என் மடியிலிருந்து இறக்கியிருக்கிறது! எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே கத்தியிருப்பேன். மாத்திரை சட்டைப்பையில் இருந்தது. ஆனால் வயிறு காலி.

நான் நேராகப் பந்திக்கூடத்துக்குப் போய் இலை முன்னால் உட்கார்ந்தேன். சுற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். முதல் இட்லியைப் பிய்த்தபோது தலைக்கு மேல் குரல் கேட்டது. அக்காவின் மாமியார் சின்னத்தாய் அத்தை. வகையறா வழக்கம் ஒன்று தவறினாலும் தாங்காத மனுஷி.

"என்னப்பா அழகு, பிள்ளைக்கு இன்னும் காது குத்தல. மாமன் எலையில உக்காந்துட்ட?"

"அத்தை, இத நான் திங்காட்டி மேடையில உக்கார மாட்டேன். பின்னறையிலதான் கெடப்பேன். போன தடவ பாத்தீகள்ல?"

"ஒரு வேளப் பட்டினி தாங்காத ஆம்பள ஒலகத்துல உண்டாப்பா? எம்புட்டுப் பேரு இருந்திருக்காக!"

"இந்தா இருக்கேன்ல அத்தை. பாத்துக்கங்க."

பந்தியே திரும்பிப் பார்த்தது. சங்கிலி அண்ணன் எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டார். வழக்கத்தை மீறியவன் மடியில் பேத்தியை வைக்க மாட்டேன் என்று அத்தை ஒரு சொல் சொன்னால் போதும், என் கதை முடிந்தது. கையில் இட்லியோடு நான் அப்படியே இருந்தேன். இட்லியை மட்டும் கீழே வைக்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பட்டென்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டவந்து, தட்டாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

"எருமை! நேத்தே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, சாப்பிட்டு வாடான்னு. இன்னுமா சாப்பிடாம இருக்க?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லக்கா."

"அந்தப் பட்டினிய நான் இருந்துட்டேன்டா!" என்று கத்தினாள். பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்தை, காலைல முடி எறக்கும்போதே சாமிகிட்டச் சொல்லிட்டேன். அவனுக்குப் பதிலா நான் இருக்கேன்னு. நேத்து ராத்திரியில இருந்து பச்சத்தண்ணி படல. ஒரே வயித்துல பெறந்தவுகதான? அவன் வயிறு காஞ்சா என்ன, என் வயிறு காஞ்சா என்ன? எனக்கு என் தம்பி மேடையில உக்காரணும்."

அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். பட்டுப்புடவையும் நகையுமாக நின்றவளின் உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. இத்தனை காலமாக அவள் பேசாமல் இருந்தது கோபத்தால் என்று நினைத்திருந்தேனே, நான் ஒரு மடையன்.

சின்னத்தாய் அத்தை மருமகள் பக்கம் திரும்பினார்.

"சாமிகிட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் அத்தை."

"அப்புறம் என்னத்துக்கு எல்லாரும் வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? அவன் எலைக்குச் சாம்பாரு ஊத்துங்கப்பா!"

நான் நாலு இட்லி தின்றேன். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். மாத்திரையைப் போட்டேன். அதே பின்னறைக்குப் போய், சன்னலைச் சாத்தி, ஈரத்துண்டைக் கண் மேல் போட்டுப் படுத்தேன். வாசலில் முத்துமீனா காவல். அத்தை மேளத்தை நிறுத்தச் சொன்னது கேட்டது. மேளக்காரர் ஏதோ முணுமுணுக்க, "மாமன் வரவும் அடிங்க, இப்ப டீயக் குடிங்க" என்றார். இருட்டில் இடது கண்ணுக்குப் பின்னால் சம்மட்டி வந்து நின்றது தெரிந்தது. வந்து நின்றுகொண்டே இருந்தது. அடி மட்டும் விழவில்லை.

"ஏங்க, ஆசாரி வந்துட்டாரு" என்று முத்துமீனா கதவைத் திறந்தாள். "முடியுமா?"

எழுந்து நின்று பார்த்தேன். தலை கனமாக இருந்தது, ஆனால் வெளிச்சம் குத்தவில்லை. "முடியும்டி!" என்று நான் போட்ட சத்தத்துக்கு அவளே காதைப் பொத்திக்கொண்டாள்.

மேடை ஏறினேன். ஜூடு குழாயையெல்லாம் தெருப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், அக்கா பவதாரிணியைத் தூக்கி என் மடியில் வைத்தாள். பட்டுப்பாவாடை மொறமொறவென்றது. சந்தனம் பூசிய மொட்டைத் தலையை என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு அவள் கையில் இருந்த லட்டைக் கடித்தாள். ஆசாரி குனிந்தார். ஒரு குத்து. வீல் என்று அவள் போட்ட சத்தத்தை என் இத்தனை வருஷத் தொழிலில் எந்தக் குழாயும் போட்டதில்லை. சுருக்கென்று என் கையைக் கடித்தும்விட்டாள். லட்டு என் வேட்டியில் நொறுங்கியது. மறுகாதும் குத்தி முடிய, நிறுத்தி வைத்திருந்த மேளமெல்லாம் ஒன்றாக வெடித்தது. அவளும் அழுதாள், நானும் அழுதேன், கறுப்புக் கண்ணாடி எங்கே போனதென்று தெரியவில்லை.

"அக்காவுக்கு ஒரு எலை!" என்று மேடையிலிருந்தே கத்தினேன்.

"எல்லாரும் பாக்குறாகடா, பந்தியில போய்ச் சாப்பிட்டுக்கிறேன்" என்றாள் அக்கா. சின்னத்தாய் அத்தையே தட்டில் இட்லியும் செம்பில் தண்ணீரும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். நான் ஒரு துண்டு பிய்த்து அக்காவுக்கு ஊட்டினேன். அவளால் மெல்ல முடியவில்லை, முகம் கோணிக்கொண்டு அழுகை வந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாள்.

ஆசாரி சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். போட்டோக்காரர் முடிந்தது என்றார். அடுத்து ஆசீர்வாதம் செய்ய ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மச்சான் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளக் கையை நீட்டினார். பவதாரிணி தேம்பிக்கொண்டே என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் மடியை விட்டு இறங்கவில்லை. நானும் இறக்கிவிடவில்லை.